அடுப்பு முன்னே போனது

அத்தியாயம் 11

காலை ஏழு மணிக்கு எடெல்மீராவின் சமையலறையிலிருந்து இரும்பு அடுப்பு வெளியே வந்தது.

நான்கு பேர் தூக்கினார்கள். புகைக்குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஐந்தாவது ஆளாக எடெல்மீராவே நடந்தாள். பிரித்துப் போட்டிருந்த வேலியைத் தாண்டி, மேட்டு உருளைக்கிழங்குக் கொல்லையில் சமனாக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பை இறக்கினார்கள். அவள் குழாயைச் செருகினாள். விறகு அடுக்கினாள். பற்ற வைத்தாள்.

சுவரில்லை, கூரையில்லை. பச்சைக் கொல்லையில் தன்னந்தனியாக ஓர் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"மழை வந்தா?" என்றாள் பக்கத்து வீட்டு ஓல்கா.

"அதுக்குள்ள வீடு வந்துடும்," என்றாள் எடெல்மீரா.

அந்த வீட்டை நமக்குத் தெரியும். எங்கள் தீவில், கடலைப் பார்த்த சரிவில், மேலிருந்து கீழ்வரை மர ஓடு போர்த்திய இரண்டு மாடி வீடு. எடெல்மீராவின் கணவன் ஆம்ப்ரோசியோ கட்டியது. அவன் கடலோடு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு நிற்கும் நிலம் பாகப்பிரிவினையில் அவள் தம்பி நிவால்டோவுக்குப் போனது. மேட்டுக் கொல்லை அவளுக்கு வந்தது. 'நீ இருக்கிற வரைக்கும் வீடு அங்கேயே இருக்கட்டும் அக்கா' என்று தம்பி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

அப்புறம் கனடாவிலிருந்து பதினோரு மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் கட்டடக்கலை, ஒருவன் பொறியியல், ஒருத்தி விவசாயம், இன்னொருத்தி வணிகம். படிப்பு வேறு வேறாக இருந்தாலும் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இந்தச் சரிவில் பன்னிரண்டு அறை கொண்ட ஒரு ஹோட்டலை வடிவமைக்க வேண்டும். பிடித்திருந்தால் தலைநகர் சாந்தியாகோவின் கம்பெனி ஒன்று அதைக் கட்டும். தீவிலிருந்து அந்த மேஜையில் இடம் கிடைத்த ஒரே ஆள் எடெல்மீராவின் மகள் யாஸ்னா. காஸ்த்ரோ நகரத் தொழிற்கல்லூரியில் வரைபடம் படிக்கிறவள். நன்றாகச் செய்தால் செப்டம்பரில் கனடாவில் படிக்க ஓர் இடம் உண்டு என்று மாணவர்களோடு வந்த பேராசிரியை லோர்னா சொல்லியிருந்தார்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அட்டையில் செய்த ஹோட்டலைக் காட்டினார்கள். அதில் வரவேற்பறை எது தெரியுமா? எடெல்மீராவின் வீடு. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், விரல் நகம் அளவுக்கு, ஏப்ரன் கட்டிய ஒரு பொம்மை.

"இது யாரு?" என்று கேட்டாள் எடெல்மீரா.

"நீதாம்மா," என்றாள் யாஸ்னா. "காலையில எட்டு மணிலேர்ந்து பத்து மணி வரைக்கும் விருந்தாளிங்க முன்னாடி ரொட்டி சுடுவே."

"பத்துக்கு அப்புறம்?"

பத்து மணிக்குப் பிறகு அந்தப் பொம்மை எங்கே போகும் என்று யாரும் வரைந்திருக்கவில்லை.

எடெல்மீரா அன்று சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள், கையில் ரொட்டியும் ஒரு ஜாடி ஆப்பிள் கள்ளுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லா வாசலிலும் ஒரே பேச்சு: "மிங்காவுக்குக் கேட்டு வந்திருக்கேன்."

மிங்கா என்றால் ஊர் கூடி ஒருவருடைய வேலையைச் செய்வது. கூலி கிடையாது. வயிறு முட்டச் சாப்பாடு உண்டு. வாசலுக்கு வந்து ரொட்டியை நீட்டிக் கேட்டவரிடம் முடியாது என்று சொன்னவனை எங்கள் தீவில் நான் பார்த்ததில்லை.

*

எட்டு மணிக்கு யாஸ்னா பள்ளிக்கூடத்தில் படங்களைச் சுவரில் குத்திக்கொண்டிருந்தாள். அட்டை ஹோட்டலைக் காட்டிய நாளிலிருந்து மாணவர்களோடு அங்கேயே தங்கி வேலை செய்கிறாள்; வீட்டுப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கம்பெனி வக்கீல் வருகிறார். மாமா நிவால்டோ அவரை அழைத்து வர நாலு நாளைக்கு முன்பே காஸ்த்ரோவுக்குப் போயிருந்தார். படம் பார்த்த கையோடு, மாமா தன் நிலத்தைக் கம்பெனிக்கு விடும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து.

பொறியியல் மாணவன் டங்கன் வாசலில் வந்து மூச்சு வாங்கினான். சிவந்த தலைமயிர், சேறு பூசிய கால்சட்டை. அவனுடைய ஸ்பானிஷ் எப்போதும் அரைகுறைதான்.

"யாஸ்னா. உங்க வீடு. ஜன்னல் இல்லை. கதவு இல்லை. மாடு நிறைய."

அவள் கையிலிருந்த ஊசிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

டங்கன் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை. ஜன்னல்களைக் கழற்றிப் புல்லில் சாய்த்திருந்தார்கள். வீட்டுக்குள் மூலைக்கு மூலை கழி கொடுத்து முட்டுக் கட்டியிருந்தார்கள். வீட்டின் அடியில், படகு மாதிரி முனை செதுக்கிய இரண்டு நீளச் சறுக்கு மரங்கள். முன்னால் சங்கிலியும் வடமும். அதற்கு முன்னால் ஜோடி ஜோடியாகக் காளைகள், நுகத்தடியோடு, அசை போட்டுக்கொண்டு.

அம்மா கொல்லையில் ஓல்காவோடு உட்கார்ந்து அடைக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கண்ணு தெரியலையா? வீடு கிளம்புது."

"இன்னிக்கா? மாமா பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போடப் போறார்."

"அதனாலதான் இன்னிக்கு. அவன் பேனாவைத் தொறக்கும்போது அவன் நிலத்துல என் வீடு இருக்கக் கூடாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பொம்மைக்கு ஏப்ரன் கட்டறதுக்கு முன்னாடி நீ என்கிட்ட சொன்னியா?"

ஓல்கா தலை நிமிரவில்லை. ஆனால் துருவும் சத்தம் நின்றிருந்தது.

"பள்ளிக்கூடத்துச் சுவத்துல ஒரு தாளை ஒட்டியிருந்தீங்களே," என்றாள் எடெல்மீரா. "ரெண்டு பத்தி போட்டது. நானும் வாசிச்சேன்."

எந்தத் தாள் என்று யாஸ்னாவுக்குத் தெரிந்தது.

முதல் வாரத்தில் மனையை அளந்தபோது நிரப்பிய தாள் அது. இடது பக்கம், 'நிலத்தோடு சேர்ந்தவை': கிணறு, ஆப்பிள் மரங்கள், வீடு. வலது பக்கம், 'எடுத்துச் செல்லக் கூடியவை': படகு, கோழிக்கூண்டு, அடுப்பு. கீழே, 'அளந்து எழுதியவர்' என்ற இடத்தில் யாஸ்னாவின் கையெழுத்து.

"அடுப்பை எடுத்துட்டுப் போகலாம்னு நீயே எழுதியிருந்தே. எடுத்துட்டு வந்துட்டேன். அடுப்பு இல்லாத இடத்துல வீடு என்ன பண்ணும்? அதான் பின்னாலேயே வருது."

கனடாக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஊரில் கட்டிய வீடு கட்டிய இடத்தில் நிற்கும். ஆனால் யாஸ்னா? ஆறு வயதில் ஓல்கா அத்தையின் வீடு குடாவைச் சுற்றி இழுபட்டு வந்தபோது, அதன் பின்வாசலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே வந்தவள். கல்லூரியில் வரைந்த வீடுகள் நின்றன. ஊரில் பார்த்த வீடுகள் நடந்தன. தாளையும் பேனாவையும் கையில் கொடுத்தவுடன் அவளுக்குக் கல்லூரி மட்டும்தான் ஞாபகம் வந்தது.

*

ஒன்பது மணிக்குப் பேராசிரியை லோர்னா வந்தார். பின்னால் மாணவர்கள் எல்லோரும். லோர்னாவின் ஸ்பானிஷ் புத்தகத்தில் படித்தது. ஒரு பிழை இருக்காது, ஒரு சிரிப்பும் இருக்காது.

"திருமதி எடெல்மீரா, இந்த வீடுதான் எங்கள் வடிவமைப்பின் இதயம். இதை எடுத்துவிட்டால் மீதி எதுவுமே நிற்காது."

"தெரியும் டீச்சர். அஞ்சு வாரமா அளந்தீங்க. படிக்கட்டை அளந்தீங்க. கதவு இடுக்கை அளந்தீங்க. காத்து எந்தப் பக்கமா வருதுன்னு என் துணிக்கொடியில நாடா கட்டிப் பார்த்தீங்க. இருநூறு கேள்வி கேட்டீங்க. ஹோட்டல் வந்தப்புறம் நான் எங்க படுத்துக்குவேன்னு ஒரு கேள்வி வரல."

"நீங்கள் இங்கேயேதான் இருப்பீர்கள் என்று நினைத்தோம்."

"ஆமா. எட்டுலேர்ந்து பத்து வரைக்கும்."

லோர்னா யாஸ்னாவைப் பார்த்தார். யாஸ்னா தன் காலணியைப் பார்த்தாள்.

இதற்குள் டங்கன் வீட்டைச் சுற்றி வந்துவிட்டான். மாடுகளுக்குத் தலைமை எலியேசர். தீவில் எந்த வீடு நகர்ந்தாலும் அவர் குரலுக்குத்தான் நகரும்.

"பதினெட்டு டன் இருக்கும்," என்றான் டங்கன்.

"மாட்டுக்கு டன் தெரியாது தம்பி. மேடு தெரியும், சேறு தெரியும். ராத்திரி மழை பேஞ்சிருக்கு."

"எத்தனை ஜோடி வேண்டும்?"

"எட்டு."

"இப்போது எத்தனை?"

"இஞ்சினியர்தானே நீ? எண்ணிப் பாரு."

டங்கன் எண்ணினான். ஏழு.

எட்டாவது ஜோடி எதிர்ச் சரிவில், நிவால்டோவின் மேய்ச்சலில் நின்றது. செம்பட்டை நிறம், தீவிலேயே பலசாலி ஜோடி.

"அவன் வாசலுக்கு மட்டும் ஏன் போகல?" என்று எலியேசர் எடெல்மீராவைக் கேட்டார்.

"அவன் காஸ்த்ரோவுல இருக்கான்."

"மாடு இங்கதானே இருக்கு?"

"மாட்டுக்கிட்ட ரொட்டியை நீட்டச் சொல்றீங்களா அண்ணே?"

எலியேசர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "ஏழு ஜோடியை வெச்சு ஆரம்பிப்போம். வாய்க்கால் வரைக்கும் வரும். வாய்க்கால்கிட்ட சண்டித்தனம் பண்ணும், சொல்லிட்டேன்."

டங்கன் யாஸ்னாவின் பக்கத்தில் வந்து நின்றான். "நான் உதவலாமா?"

"கேட்டாத்தான் வரணும். உன்னை யாரும் கேக்கல."

அவன் கொஞ்சம் யோசித்தான். நேராகப் போய் எடெல்மீராவின் முன்னால் நின்றான்.

"என்னைக் கேளுங்கள்."

துருவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எடெல்மீரா சிரிக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்து, ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள்.

"மிங்காவுக்குக் கேக்கறேன், செந்தலையா. நெம்புகோல் பிடிச்சிருக்கியா?"

"இல்லை."

"சரி, பொய்யாவது சொல்லல. எலியேசர் அண்ணன் பின்னாடி போய் நில்லு."

டங்கனுக்குப் பின்னால் விவசாயம் படிக்கும் பெண் வந்து கை நீட்டினாள். பிறகு இன்னும் நான்கு பேர். மீதி ஐந்து பேர் லோர்னாவின் பக்கத்திலேயே நின்றார்கள். வணிகம் படிக்கும் பெண் குறிப்பேட்டைத் திறந்து, "இது சட்டப்படி சரியா?" என்று கேட்டாள்.

யாஸ்னா நடுவில் நின்றாள். அம்மா அவள் பக்கம் ரொட்டியை நீட்டவில்லை.

*

பத்து மணிக்கு எலியேசர் கையைத் தூக்கினார். சங்கிலி இறுகியது. வீடு முதலில் முனகியது; பிறகு, தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் மாதிரி, ஓர் உலுக்கு உலுக்கிக்கொண்டு புறப்பட்டது.

அது நின்ற இடத்தில் வெளிறிய ஒரு மண் சதுரம் தெரிந்தது. முப்பது வருஷமாக வெயில் படாத மண். அதில் ஒரு ஸ்பூன் கிடந்தது. ஓல்கா ஓடிப்போய் எடுத்து, "இதைத் திருடினேன்னு என்னை எத்தனை தடவை சொல்லியிருப்பே?" என்று எடெல்மீராவின் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள்.

வாய்க்கால் வரைக்கும் வந்தது. எலியேசர் சொன்னது சொன்னபடி, அங்கே இடது சறுக்கு மரம் சேற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டது. ஏழு ஜோடியும் முக்கிப் பார்த்தன. டங்கனும் ஆட்களும் பின்னாலிருந்து நெம்பினார்கள். வடம் ஒன்று அறுந்து சாட்டை மாதிரி புல்லில் அடித்தது. நல்லவேளையாக அங்கே ஆளில்லை.

மூன்று முறை. வீடு அசையவில்லை. அவள் கொல்லையின் வேலிக்கு இன்னும் இருபது கஜம்.

கீழே துறையில் படகின் சங்கு ஊதியது. மணி பதினொன்றேகால்.

*

நிவால்டோ புதுக் கோட்டு போட்டிருந்தார். மேட்டில் ஏறி வரும்போதே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்னால் தோல் பையோடு கம்பெனி வக்கீல், சேற்றில் எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து வந்தார்.

"அக்கா, நிறுத்து."

"நின்னுதான் இருக்கு. வாய்க்கால்ல."

"வெளையாடாதே. வீடு என் நிலத்துல நிக்குது."

"நின்னுச்சு. இப்ப நடந்துக்கிட்டிருக்கு."

நிவால்டோ குரலைத் தணித்தார்.

"பதினாறு வருஷம் தெற்கே புந்தா அரேனாஸ்ல இறைச்சி ஆலையில, குளிர் அறையில நின்னேன். இப்ப என் பையன் அதே அறையில நிக்கறான். இங்க ஒரு ஹோட்டல் வந்தா அவன் திரும்பி வருவான். இந்த ஊர்ல எத்தனை வீட்டுப் பிள்ளைங்க வருவாங்க தெரியுமா? இது தப்பா?"

"தப்பில்ல. கட்டு. பன்னிரண்டு அறை என்ன, இருபது கட்டு. கூடை கூடையா நான் உருளைக்கிழங்கு தர்றேன். ஆனா என் வீட்டை என்கிட்ட கேட்டிருக்கணும். நீ கேக்கல. பொம்மை செஞ்சு வெச்சுட்டே."

"வீடு இல்லாம அவங்களுக்கு இந்த இடம் வேணாமாம் அக்கா."

"அப்படின்னா அவங்க கேட்டது நிலத்தை இல்ல, என்னை. என்னைக் குத்தகைக்கு விட நீ யாரு?"

நிவால்டோ கடலைப் பார்த்தார்.

"விட்டாச்சு," என்றார். "காலையில காஸ்த்ரோவுலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். இங்க வந்தா நீ அழுவே, எனக்குக் கை வராதுன்னு நெனச்சேன்."

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் எடெல்மீரா.

வக்கீல் தோல் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். யாஸ்னாவுக்கு அதைத் தூரத்திலிருந்தே தெரிந்தது. ரெண்டு பத்தி போட்ட தாள்.

"பத்திரத்தோட இணைப்பு," என்றார் வக்கீல். "நிலத்தோடு சேர்ந்தவை: கிணறு, ஆப்பிள் மரங்கள், வீடு. முப்பது வருஷக் குத்தகையில இது மூணும் சேர்த்திம்மா. இன்னிக்குக் காலையிலேர்ந்து இதை இழுத்துட்டுப் போறது திருட்டு. நான் சொல்லல, உங்க ஊர்ப் பொண்ணு அளந்து எழுதினது. யாஸ்னான்னு கையெழுத்து இருக்கு."

சரிவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மாடுகள் கூடத் திரும்பின மாதிரி இருந்தது அவளுக்கு.

லோர்னா தாழ்ந்த குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இப்போது எதுவும் பேசாதே. செப்டம்பரை நினைத்துக்கொள்."

யாஸ்னா செப்டம்பரை நினைத்துக்கொண்டாள். பெரிய ஜன்னல் வைத்த அறை, தன் பெயர் எழுதிய மேஜை. ஐந்து வாரமாகத் தூங்கும்போதெல்லாம் பார்த்த மேஜை.

"அந்தத் தாள் தப்பு," என்றாள் உரக்க. "நான்தான் எழுதினேன். தப்பா எழுதினேன். வீடு வலது பக்கம் இருக்கணும்."

"தப்புன்னு யாரும்மா ஒத்துக்குவா?" வக்கீலுக்குக் கோபம்கூட வரவில்லை. "நிலத்தோடு சேர்ந்ததுன்னா என்ன அர்த்தம்? நகராது."

"இந்த ஊர்ல வீடு நகரும்."

வக்கீல் வாய்க்காலில் மூக்கு நுழைத்துக் கிடந்த வீட்டை நிதானமாகப் பார்த்தார்.

"நகரலையே," என்றார்.

எலியேசர் துப்பினார்.

அப்போது எடெல்மீரா அடுப்பை நோக்கி நடந்தாள். அடுப்புக் கதவைத் திறந்து, புதிதாக வெந்த ஒரு ரொட்டியை எடுத்தாள். கள் ஜாடியை இன்னொரு கையில் எடுத்தாள். சரிவில் இறங்கி வந்து, மூன்று நாளாக எல்லா வாசலிலும் நின்ற மாதிரியே, தம்பியின் முன்னால் நின்றாள்.

"மிங்காவுக்குக் கேட்டு வந்திருக்கேன், நிவால்டோ. உன் ஜோடி வேணும்."



பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே நிவால்டோ இதே மாதிரி ஒரு ரொட்டியோடு இந்த வீட்டு வாசலில் நின்றதை ஊர் மறக்கவில்லை. கடல் கரையை அரித்து அவர் வீட்டுப் பின்சுவர் அந்தரத்தில் தொங்கிய மாதம் அது. கொட்டுகிற மழையில் பத்து ஜோடி பூட்டி வீட்டை உள்ளே இழுத்தார்கள். அன்று சங்கிலியில் சிக்கி ஆம்ப்ரோசியோவுக்கு இரண்டு விரல் போனது. எடெல்மீரா இப்போது அதைச் சொல்லவில்லை. ரொட்டியை நீட்டியபடி நின்றாள், அவ்வளவுதான்.

"திரு. நிவால்டோ," என்றார் வக்கீல், "நீங்க கையெழுத்துப் போட்ட ஆளு. யோசிச்சுக்குங்க."

நிவால்டோ ரொட்டியைப் பார்த்தார்.

"இது எப்ப சுட்டது?"

"இப்பதான். அந்த அடுப்புல."

"சுவர் இல்லாம எப்படிச் சுட்டே?"

"காத்து கொஞ்சம் திட்டிச்சு. நானும் திட்டினேன்."

அவர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மெல்ல மென்று முழுங்கினார். ஜாடியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு புதுக் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, வக்கீலின் கையில் வைத்தார்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க சார். சேறு பட்டுடும்."

"என்ன பண்றீங்க?"

"கையெழுத்து நான் போட்டது. அதுக்குக் கோர்ட்டுல பதில் சொல்லிக்கறேன். வாசல்ல வந்து கேட்டதுக்கு இங்கதானே பதில் சொல்லணும்?"

அவர் எதிர்ச் சரிவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பாதி தூரத்தில் நடை ஓட்டமானது.

எடெல்மீராவின் கையில் பாதி ரொட்டி மிச்சம் இருந்தது. அவள் திரும்பினாள். அன்று முதல் முறையாக மகள் பக்கம் நீட்டினாள்.

"உன்னையும் கேக்கறேன்."

யாஸ்னா வாங்கிக் கடித்தாள். ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை; பசியினால்தான் என்று ஓல்காவிடம் பிறகு சொன்னாள். ஓல்கா நம்பவில்லை.

*

செம்பட்டை ஜோடியை எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்டினார்கள். அதன் முன்னால் நிவால்டோவே நின்றார், சட்டைக் கையை மடித்துவிட்டு. டங்கன் வாய்க்கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, ஒரு பலகையைச் சறுக்கு மரத்தின் மூக்குக்கு அடியில் சாய்வாகக் கொடுத்தான்.

எலியேசர் குனிந்து பார்த்தார். "யாரு சொன்னது இந்த மாதிரி வெக்க?"

"கணக்குச் சொன்னது."

"கணக்கு பரவாயில்லையே," என்றார் எலியேசர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை.

யாஸ்னா வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். எலியேசர் கையைத் தூக்கினார்.

எட்டு ஜோடியும் ஒரே மூச்சாகக் குனிந்தன. சேறு ஓர் உறிஞ்சல் சத்தத்தோடு மரத்தை விட்டது. வீடு மூக்கைத் தூக்கியது, பலகையில் ஏறியது, வாய்க்காலைத் தாண்டியது. தாண்டியதும் அது நிற்கவே இல்லை. பிரித்துப் போட்ட வேலி வழியாக, மேட்டின் மேல், ஊர்ப் பெண்கள் கூடையும் துருவியுமாக இரண்டு பக்கமும் விலக, மாடியில் மறந்துபோன ஒரு திரைச்சீலை ஜன்னல் ஓட்டை வழியாகப் பறக்க, வீடு கொல்லைக்குள் வந்தது. அடுப்புக்கு நாலு அடி தூரத்தில் எலியேசர் கையை இறக்கினார். நின்றது.

மாடுகள் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது.

யாஸ்னா உள்ளங்கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. அப்படியே வக்கீலிடம் நடந்தாள். அவர் ஒரு கையில் கோட்டையும் இன்னொரு கையில் தாளையும் பிடித்துக்கொண்டு, எதையும் கீழே வைக்க இடமில்லாமல் நின்றிருந்தார்.

"எழுதிக்குங்க சார். பன்னிரண்டு மணி அஞ்சு நிமிஷம். வீடு நகர்ந்தது. பார்த்த சாட்சி, நீங்க."

வக்கீல் எழுதவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "திங்கட்கிழமை இதுக்குப் பதில் வரும்," என்றார். நிவால்டோவிடம் கோட்டைக் கொடுத்தார். படகுத்துறைப் பக்கம், இந்த முறை கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமலே, இறங்கிப் போனார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்," என்று எடெல்மீரா கூப்பிட்டாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

லோர்னா அதுவரை வெளிறிய மண் சதுரத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தார். யாஸ்னா எதிரே வந்து நின்றதும் நிமிர்ந்தார். முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக் காலை எட்டு மணிக்கு என் மேஜைக்கு வா. ஒரு வெள்ளைத்தாள் கொண்டு வா."

விலகல் கடிதம் எழுதவா, புதுப் படம் வரையவா? யாஸ்னா கேட்க வாயெடுப்பதற்குள் லோர்னா பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்துவிட்டார். வணிகம் படிக்கும் பெண் மட்டும் ஒரு முறை திரும்பி, கொல்லையிலிருந்து அடை வாசனை வந்த பக்கம் பார்த்தாள்.

நான்கு பேர் மறுபடியும் அடுப்பைத் தூக்கினார்கள், சுடச்சுட, ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு. அதில் ஒருவர் நிவால்டோ. சமையலறை வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய், பழைய இடத்திலேயே, தரையில் முப்பது வருஷக் கரித்தடம் இருந்த இடத்திலேயே வைத்தார்கள். எடெல்மீரா குழாயைச் செருகினாள். கூரைக்கு மேலே புகை கிளம்பியது.

மழை தூற ஆரம்பித்தது. ஜன்னல்கள் இன்னும் கீழே புல்லில் கிடந்தன.

"ஜன்னலை எடுத்துட்டு வாங்கடா எவனாவது," என்று ஓல்கா கத்தினாள்.

எடெல்மீரா காதில் வாங்கவில்லை. நாற்பது பேருக்கு ரொட்டி போட வேண்டும். மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

மணி பன்னிரண்டரை. பத்து மணி தாண்டி இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் தன் சமையலறையில்தான் இருந்தாள்.